கோட்டுப் பையில் காந்தம்

விருந்தாளிகள் கைதட்டி முடித்து, பக்கோடாவும் காபியும் வைத்திருந்த மேஜைப் பக்கம் நகர்ந்தார்கள். அப்போதுதான் தன் வெள்ளைக் கோட்டின் மார்புப் பை கனப்பது பார்கவிக்கு உறைத்தது. கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே காந்தம் இருந்தது.

சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத காந்தம். போன மாதம் ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் இன்னும் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது இருக்கவேண்டிய இடம் கருப்புப் பெட்டிக்குள், சிப் என்கிற சில்லுக்குப் பக்கத்தில், பித்தளைப் பிடியில். சற்றுமுன் அத்தனை பேர் முன்னால் அவள் நடத்திக் காட்டிய சோதனைக்கு உயிரே அதுதான். அந்த உயிர் அவள் பையில் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதில் என்ன விபரீதம் என்பது விளங்காது. லேசரிலிருந்து கிளம்பும் ஒளி, ஃபைபர் என்கிற கண்ணாடி இழையில் போகிற வழியில் எங்காவது முட்டித் திரும்பி வந்து லேசருக்குள்ளேயே நுழைந்தால், லேசருக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அதனால் போக விட்டு, திரும்பி வர விடாத ஒரு சாதனம் வேண்டும், ஐசொலேட்டர் என்று அதற்குப் பெயர். கடையில் கிடைப்பது கட்டைவிரல் பருமன். அதையே நகத்தளவு சில்லில் அடக்கிவிட வேண்டும் என்று உலகம் முழுக்க ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. பெங்களூரில் பேராசிரியர் சீனிவாசராகவனின் ஆய்வகத்தில் அந்த வேலை பார்கவியுடையது. கார்னெட் என்கிற படிகத்தை மெல்லிய படலமாக வளர்த்து, அதில் தலைமுடியைவிட மெலிதாக ஒரு பாதை செதுக்கி, பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தால், அந்தப் பாதையில் ஒளி ஒரு பக்கம் மட்டும் போகும். ஒருவழிச் சட்டம் போடுவது காந்தம். காந்தம் இல்லாவிட்டால் சட்டமும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போய்வர வேண்டியதுதான்.

இன்றைக்கோ காந்தம் அவள் பையில் இருந்தது. ஒளி அப்படியும் ஒரு பக்கம் ஜோராகப் போயிற்று, மறுபக்கம் வரமாட்டேன் என்றது. மீட்டர் முள் எழுந்ததையும் படுத்ததையும் கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த கம்பெனிக்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள். அப்படியானால் மூன்று வருடமாக அவள் அளந்து அளந்து கட்டுரை எழுதியது எதை?

மறந்தது எப்படி என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. திருகுகளை இறுக்கும்போது காந்தம் கிட்டே இருந்தால் திருகுச் சாவியைப் பிடித்து இழுக்கும். இழுத்தால் ஃபைபர் நகரும், அரை நாள் பாடுபட்டு நேர்ப்படுத்தியது போய்விடும். அதனால் அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரே பழக்கம்: காந்தத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது, இறுக்குவது, திரும்ப வைத்துப் பெட்டியை மூடுவது, அப்புறம்தான் அளப்பது. காந்தம் பையில் இருக்கிற நேரத்தில் யாரும் மீட்டரைப் பார்த்ததே இல்லை. இன்று காலை திருகை இறுக்கிக்கொண்டிருந்தபோது விருந்தாளிகள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பேராசிரியர் வாசலிலிருந்தே குரல் கொடுக்க, அவள் பெட்டியை மூடிவிட்டு ஓடினாள்.

“பேஷ், நன்னா பண்ணினே” என்றார் பேராசிரியர், காபி டம்ளரோடு வந்து. “அவா முகத்தைப் பாத்தியோ?”

“தேங்க்ஸ் சார்” என்றாள் பார்கவி. அவள் பார்வை அவரைத் தாண்டிப் போய் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றது. அங்கே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த சங்கமித்ரா அவளுடைய மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்கவி குனிந்து பார்த்தாள். காலையில் சங்கமித்ராதான் எல்லோருக்கும் ஊக்கு வைத்த பெயர் அட்டைகளைக் குத்திவிட்டிருந்தாள். பார்கவியின் அட்டை இப்போது, காந்தம் ஊக்கை இழுத்ததில், தலைகீழாகப் புரண்டு பையோடு பையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்த்தினாள். மறுபடி போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறை நிமிர்த்தி உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். சங்கமித்ரா பார்வையைத் திருப்பிக்கொண்டு தட்டுகளை எடுத்துப் போய்விட்டாள்.

வேறு யாராவது பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. இவளா பார்க்க வேண்டும்!

பார்கவியும் சங்கமித்ராவும் பெங்களூரிலேயே நீலசந்திராவில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். புத்த பூர்ணிமைக்கு ஒரே வீட்டுப் பாயசத்தைக் குடித்தவர்கள். பார்கவியின் அப்பா தனக்கோடி ராணுவக் குடியிருப்புகளுக்கு வெள்ளையடிக்கும் வேலை பார்த்தவர். ஆய்வகத்தில் அது யாருக்கும் தெரியாது. வீடு எங்கே என்று கேட்டால், பக்கத்துப் பணக்காரப் பேட்டையைச் சொல்லி “ரிச்மண்ட் டவுன் பக்கம்” என்பாள். பக்கம்தான், அதில் பொய் இல்லை. இப்போது மல்லேஸ்வரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்ட பிறகு அந்தக் கேள்வியும் வருவதில்லை.

மார்ச் மாதம் சங்கமித்ரா திட்ட உதவியாளராக அதே ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தாள். யார் சிபாரிசும் இல்லை, நேர்காணலில் தேறி வந்தவள். முதல் நாளே பார்கவி அவளை மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய்ச் சொன்னாள்:

“இதோ பாரு மித்ரா, லேப்ல நம்ம தெரிஞ்சவங்கன்னு காட்டிக்க வேணாம். தப்பா எடுத்துக்காத. மேடம்னே கூப்டு.”

“அய்ய, இதுல இன்னாக்கா இருக்குது. நீ சொன்னா சரி” என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

சொன்ன வாக்கை அந்தப் பெண் மாதக்கணக்கில் காப்பாற்றினாள். ஒரே ஒரு நாள் வாய் தவறிவிட்டது. சனிக்கிழமை குழுக் கூட்டம். பேராசிரியரிலிருந்து மெருகேற்றும் பட்டறை முனிராஜ் வரை ஆய்வகமே உட்கார்ந்திருந்தது. பார்கவி புதுச் சில்லின் அளவீட்டைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தாள். சங்கமித்ரா ஆர்வம் தாங்காமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

“அக்கா, மேக்னெட்ட எடுத்துட்டு ஒரு தபா பாத்தீங்களா?”

கேள்வி பார்கவி காதில் ஏறவே இல்லை. ஏறியது அந்த ‘அக்கா’ மட்டும்தான். பேராசிரியர் புருவத்தைத் தூக்கினார். திருச்சியிலிருந்து வந்த ஆய்வு மாணவன் ஹரிஷ், “ஓ, அக்காவா?” என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பார்கவிக்கு முகம் சுட்டது.

“மேக்னெட்டை எடுத்துட்டா அப்புறம் அது வெறும் கல்லு” என்றாள். “அடிப்படையைத் தெரிஞ்சுக்கிட்டு கேள்வி கேளு சங்கமித்ரா. வாயில வந்ததைப் பேசறதுக்கு இது குழாயடி இல்ல.”

ஹரிஷ் முதலில் சிரித்தான். அவன் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். எந்தக் குழாயடி என்பது அந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சங்கமித்ராவின் வாயில் ‘மேடம்’ தவிர வேறு வரவில்லை. பார்கவி அதை நல்லதென்றே எடுத்துக்கொண்டாள், நிம்மதியாக இருந்தாள்கூட. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால்தான் அவளுக்குக் கூசியது.

விருந்தாளிகளைச் சாப்பிட அழைத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு பார்கவி மட்டும் கருப்புப் பெட்டியைத் திறந்தாள். மனசு கடைசி வரைக்கும் வக்கீல் வேலை பார்த்தது. கார்னெட்டுக்குள் பழைய காந்தத்தன்மை கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும், அதனால்தான் வேலை செய்திருக்கும் என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள். அதைத் தீர்த்துவைக்க ஒரு வழி உண்டு. காந்தத்தைத் தலைகீழாகப் புரட்டி வைத்தால், சட்டமும் புரள வேண்டும். இதுவரை போன பக்கம் அடைபட வேண்டும், அடைபட்ட பக்கம் திறக்க வேண்டும்.

காந்தத்தை வைத்துப் பார்த்தாள். எடுத்துப் பார்த்தாள். புரட்டி வைத்துப் பார்த்தாள். மீட்டர் முள்ளுக்குக் காந்தம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரிந்தமாதிரி இல்லை.

பிறகு சில்லின் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தபோது காரணமும் தெரிந்தது. தெரிந்தபோது அழுகை வந்தது, அவ்வளவு சின்னக் காரணம். பாதை ஒரு முனையில் குறுகல், மறுமுனையில் அகலம். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ்ஸின் சின்னக் கதவு வழியே இறங்குகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வெளியே வந்துவிடுவார்கள். வெளியே இருந்து மொத்தமாக முட்டுகிறவர்களில் பாதிப்பேர் பஸ்ஸின் தகரத்தில்தான் மோதுவார்கள். அதற்காக அந்தக் கதவை ஒருவழிக் கதவு என்று யாராவது சொல்வார்களா? பார்கவி சொல்லியிருந்தாள், படம் போட்டு, ஆங்கிலத்தில், ஒரு சர்வதேசப் பத்திரிகைக்கு. சங்கமித்ரா கேட்டபடி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை காந்தத்தை எடுத்துப் பார்த்திருந்தால் போதும்.

மாலை பேராசிரியர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். இதுதான் சமயம், சொல்லிவிடலாம் என்று உள்ளே போனாள்.

“வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு சங்கமித்ராவோட ரெவ்யூ இருக்கு” என்றார். “பிஎச்டிக்கு எடுத்துக்கறதா, போகச் சொல்றதான்னு முடிவு பண்ணணும். நான் போகச் சொல்லலாம்னு இருக்கேன். நீதான் அன்னிக்கே சொன்னியே, அடிப்படை போதாதுன்னு. நீயும் வந்து உக்காரு.”

வாய் திறந்தாள். “சரி சார்” என்பது வந்தது. வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள். தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமாக அவள் அதுவரை நினைத்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நீலசந்திராவுக்குப் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்கே தெரியாது. தனக்கோடி வாசலில் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

“வாம்மா. நாளைக்கு நம்ம மித்ராவுக்கு ஏதோ பரீட்சையாமே? அவுங்கம்மா குழாயாண்ட எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்குது, பார்கவி அங்க இருக்கா, எம் பொண்ணுக்கு பயமே இல்லன்னு.”

“அப்படியா சொன்னாங்க?”

“பின்ன? உன்னைப் பாத்துத்தான அந்தப் பொண்ணு சயின்ஸே எடுத்துச்சு.”

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு, சந்தின் மறுமுனை வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். நேர்வழியில் போனால் சங்கமித்ராவின் வீட்டைத் தாண்ட வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை கூட்டம் பேராசிரியரின் அறையில்தான் நடந்தது. அவரைத் தவிர இயற்பியல் துறை ஸ்ரீகண்டனும் மின்னணுவியல் துறை ஜோசஃபினும் உட்கார்ந்திருந்தார்கள். பார்கவி ஓரமாக ஒரு நாற்காலியில். சங்கமித்ரா கேட்டதற்கெல்லாம் மெதுவாக, சரியாகத்தான் பதில் சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும். அடிப்படை போதலைன்னு லேப்ல ஒரு அபிப்பிராயம் இருக்கு. ஐசொலேட்டர்ல காந்தத்தை எடுத்துட்டு அளக்கணும்னு கேட்டிருக்கே.”

ஸ்ரீகண்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏன் கேட்டீங்க? சந்தேகப்பட ஏதாவது ஆதாரம் இருந்துச்சா?”

சங்கமித்ரா தலையைத் திருப்பிப் பார்கவியைப் பார்த்தாள். பார்கவி மனசுக்குள் கெஞ்சினாள்: சொல்லிடு, பேட்ஜைப் பார்த்தேன்னு நீயே சொல்லிடு, நான் ஆமான்னு தலையாட்டிடறேன். தான் செய்யவேண்டியதை அந்தப் பெண் தலையில் கட்டப் பார்த்தாள், அப்போதும்.

“இல்ல சார்” என்றாள் சங்கமித்ரா. “தோணுச்சு, கேட்டேன். ஆதாரம் ஒண்ணும் என்கிட்ட இல்ல.”

பேராசிரியர் பேனாவை எடுத்தார்.

“என்கிட்ட இருக்கு” என்றாள் பார்கவி.

எழுந்து நின்றுவிட்டாள். கோட்டுப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அது சறுக்கிப் போய் பேராசிரியரின் காகித கிளிப்புகளை அள்ளிக்கொண்டது.

“புதன்கிழமை டெமோ நடக்கும்போது இது என் பையில இருந்தது சார். வைக்க மறந்துட்டேன். அப்படியும் ஐசொலேட்டர் வேலை செஞ்சது. அப்புறம் புரட்டி வச்சும் பார்த்தேன், எதுவும் மாறல. நாம காட்டினது காந்தத்தால வந்தது இல்ல. பாதையோட அகலத்தால வந்த ஏமாத்து. சங்கமித்ரா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அடிப்படை தெரியாம இருந்தது நான்.”

பேராசிரியருக்குக் காது மடல் சிவந்திருந்தது.

“புதன்கிழமையே தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார்.”

“அன்னிக்கு சாயங்காலம் என் எதிர்ல நின்னியே.”

“நின்னேன் சார்.”

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், கம்பெனிக்கு எழுத வேண்டும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சங்கமித்ராவை பிஎச்டிக்கு எடுத்துக்கொள்ளும் தாளில் முதல் கையெழுத்தை ஜோசஃபின் போட்டார்.

வெளியே வந்ததும் பார்கவிக்குக் கால் லேசாக இருந்தது. பெரிய காரியம் ஒன்றைச் செய்து முடித்துவிட்ட நினைப்பு. சங்கமித்ரா தண்ணீர்க் குழாயருகே நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை நீட்டினாள் பார்கவி. அவள் வாங்கவில்லை, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

“நீ பேட்ஜைப் பார்த்தே இல்ல? ஏன் உள்ள சொல்லல மித்ரா?”

“சொன்னா யாரு நம்புவாங்க மேடம்? அடிப்படை தெரியாதவ.”

“அதான் நான் சொல்லிட்டேனே, அடிப்படை தெரியாதவ நான்தான்னு.”

“சொன்னீங்க” என்றாள் சங்கமித்ரா. குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “மூணு பேருகிட்ட, கதவ சாத்திக்கினு. அன்னிக்கு என்னைச் சொன்னப்போ லேப்பே இருந்துச்சு மேடம்.”

பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பார்கவியின் கையில் கைக்குட்டை அப்படியே இருந்தது. கால் லேசானதெல்லாம் போய்விட்டது.

மறுநாள் சனிக்கிழமை. குழுக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். விஷயம் அரைகுறையாகக் கசிந்திருந்தது, அதனால் ஒருவரும் வராமல் இருக்கவில்லை. பார்கவி திரையைப் போடவில்லை. கருப்புப் பெட்டியையே மேஜைக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து வைத்து அளந்து காட்டினாள். காந்தத்தோடு ஒரு முறை, காந்தம் இல்லாமல் ஒரு முறை. முள் இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றது.

“காந்தத்தை எடுத்துட்டு ஒரு தடவை பார்த்தீங்களான்னு சங்கமித்ரா கேட்டா” என்றாள். “நான் பார்க்கல. மூணு வருஷமா பார்க்கல. கேட்டவளை எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்தினேன்.”

“அப்போ மேடம், மூணு வருஷமா வெறும் கல்லுதான் அளந்தீங்களா?” என்றான் ஹரிஷ்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு, அதே வாய்கள். எதிரே நின்று கேட்டால் அது இப்படித்தான் இருக்கும் என்று பார்கவிக்கு அப்போதுதான் தெரிந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அது ஓயும்வரை நின்றாள்.

“இன்னொண்ணு” என்றாள். “இது குழாயடி இல்லன்னும் அவளைச் சொன்னேன். அது நீலசந்திராவில எங்க சந்துக் குழாய். நானும் அங்க தண்ணி பிடிச்சவதான். எங்கப்பா பெயிண்டர். சங்கமித்ரா என்னை அக்கான்னு கூப்பிடறவ. இங்க அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னது நான்.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஹரிஷ் தன் செருப்பைப் பார்த்தான். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்தார். பார்கவி ஒருத்தியைத்தான் பார்த்தாள்.

சங்கமித்ரா நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். அவள் கண் பார்கவி மேல் இல்லை, திறந்திருந்த பெட்டி மேல் இருந்தது.

“வெளிச்சத்த வாங்குற பக்கமும் பெரிய டிடெக்டருக்கு பதிலா மெல்லிசு ஃபைபரே வெச்சா, இந்த அகலத்து ஏமாத்து போயிடும் இல்ல? அப்பறம் காந்தத்தால வர்றது மட்டும்தான் தெரியும். அப்படி ஒரு தபா பாத்தீங்களா?”

பார்கவி காத்திருந்தாள். கேள்வியின் கடைசியில் இன்னும் ஒரு சொல் பாக்கி இருந்தது. அது எதுவாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள் என்பது அந்த அறையில் எல்லோருக்குமே தெரிந்திருக்கும்.

“மேடம்?” என்றாள் சங்கமித்ரா.

“இல்ல, பார்க்கல” என்றாள் பார்கவி. காந்தத்தை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தாள். “நீ பார்த்துச் சொல்லு.”